மூன்று விரல் இடைவெளி

போன வாரம் அரங்கத்தின் கதவில் சாவியை நுழைத்தபடி நின்றவளை அப்படியே நிற்க வைத்துவிட்டு, நீங்களும் நானும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், ஏழு நாளாகக் கால் கடுக்க நிற்கிறாள். முதலில் அவளை உள்ளே விடுவோம்.

கதவு திறந்தது. புது மரத்தின் வாசனையும் புதுச் சிமெண்டின் வாசனையும் கலந்து வந்து முகத்தில் பட்டன. காலை எட்டு மணி. கூரையில் அவள் விட்டிருந்த நீளமான ஒற்றைத் திறப்பு வழியாக வெளிச்சம் இறங்கி, இடது பக்கக் கான்கிரீட் சுவரில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. முந்நூறு நாற்காலிகளும் காலி. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, யாரோ தூங்குகிற அறைக்குள் நுழைகிறவள் மாதிரி அடி மேல் அடி வைத்து நடந்தாள்.

அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இரண்டு வருஷமாகக் காகிதத்தில் கோடாக இருந்த இடத்துக்குள் இப்போது நடக்கிறாள். இது நிஜம்தானா, இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறேனா என்று ஒரு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். துணி சில்லென்று இருந்தது.

இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இவள் கட்டடங்களை வரைகிறவள். வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் மேடம். வீட்டில் இவள் பெயர் ‘தபால்’.

ஏன் தபால்? அதற்கு இவள் அப்பாவையும் தம்பியையும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா மேஸ்திரி. நாற்பது வருஷமாகக் கான்கிரீட் ஊற்றுகிறவர். தம்பி தச்சன்; தலைமுடியில் எந்நேரமும் ஒரு மரச்சுருளாவது சிக்கிக்கொண்டிருப்பதால் ‘சுருள்’. அப்பாவோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சுருள், மூன்று வருஷத்துக்கு முன்னால், மரப்பட்டறைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். கிளம்புகிறவன் சும்மா கிளம்ப வேண்டியதுதானே? “உங்க செவுரு பேசாதுப்பா, மரம்தான் பேசும்” என்று ஒரு வார்த்தையை விட்டான்.

“அப்ப மரத்தோடவே பேசிக்கோ” என்றார் மேஸ்திரி.

முடிந்தது கதை. அன்றிலிருந்து இவர் அவனிடமோ, அவன் இவரிடமோ ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் அக்கா வழியாகத்தான். சின்ன வயதில் வீட்டில் அவர்கள் சண்டை போடும்போது தூது போய்ச் சம்பாதித்த பட்டப்பெயர் இந்த வயதில் முழுநேர வேலையாகிவிட்டது.

இந்த அரங்கத்தை வரையச் சொல்லி இசைச் சங்கம் கேட்டபோதே தபால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். சுவர் கான்கிரீட். அந்தக் கான்கிரீட்டை ஊற்றிப் பிடித்து நிறுத்தும் பலகை அச்சு, தம்பி அறுத்துக் கொடுக்கும் மரம். சுவர் இறுகியதும் அதே பலகைகளைக் கழற்றி, கழுவி, இழைத்து, வலது பக்கச் சுவருக்கு முன்னால் மூன்று விரல் இடைவெளி விட்டு வரிசையாக மாட்டுவது. இடது சுவர் வெறுமையாக நிற்கும். அதில் பலகையின் ரேகைகள் அப்படியே பதிந்திருக்கும். ஒரே மரத்தில் இரண்டு பேரும் கை வைத்துத்தான் ஆக வேண்டும். அப்போது பேசாமல் எங்கே போவார்கள்?

பேசாமலே முடித்தார்கள், கில்லாடிகள்! காலையில் சுருளின் ஆட்கள், மத்தியானம் மேஸ்திரியின் ஆட்கள். இவர் வரும்போது அவன் போயிருப்பான். வலது சுவரில் பலகை மாட்டுவதற்கான சட்டம் பதித்து, தூசு வராமல் கறுப்புத் துணி போர்த்தியதும் மேஸ்திரிக்கு முட்டி ஆபரேஷன் வந்து மூன்று மாதம் படுக்கை. பலகை மாட்டியதை அவர் பார்க்கவே இல்லை.

இன்றைக்குத்தான் முதல் தடவையாக இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கூரைக்குக் கீழே வருகிறார்கள். பத்து மணிக்கு, செல்லோ என்கிற பெரிய வயலினை வாசிக்கும் அம்மா ஒருவர் வந்து ஒலியைச் சோதிக்கிறார். எட்டு நாளில் திறப்பு விழாக் கச்சேரி. தபாலுக்கு எதை நினைத்துப் பயப்படுவது என்றே தெரியவில்லை.

முன்வாசலில் தடி தட்டும் சத்தம். மேஸ்திரி.

வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இடது சுவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். வெளிச்சம் அதில் ஒவ்வொரு பலகை ரேகையையும் தனித்தனியாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போய், தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“எப்படிப்பா இருக்கு?”

“ம்” என்றார். அதுவே அவர் அகராதியில் பெரிய பாராட்டு.

மேடைப் பக்கக் கதவு கிறீச்சிட்டது. கருவிப் பெட்டியோடு சுருள் வந்தான். அப்பாவைப் பார்த்தான். பார்க்காத மாதிரி பெட்டியைக் கீழே வைத்தான்.

“புதுத் தரை. தூக்கி வைக்கச் சொல்லு, இழுத்துக் கீறிடப் போறான், அறிவு கெட்டவன்” என்று கடைசி வரிசையில் நின்று வாய்க்குள்ளேயே முனகினார் மேஸ்திரி.

தபால் பழக்கதோஷத்தில் மேடைப் பக்கம் திரும்பினாள். “டேய், அப்பா பெட்டியப் பார்த்து வைக்கச் சொல்றாரு.”

சுருள் அவளை ஒரு மாதிரி பார்த்தான். “அவர் சொன்னது எனக்குக் கேட்டுச்சுக்கா.”

தபால் கடைசி வரிசையிலிருந்து மேடை வரை கண்ணால் அளந்தாள். இருபத்தைந்து நாற்காலி வரிசைகளைத் தாண்டி, ஒரு முனகல், ஒரு எழுத்துக் குறையாமல் மேடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது! மேடையில் விடும் பெருமூச்சு கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டும் என்று இரவும் பகலும் சுவரின் சாய்வைத் திருத்தித் திருத்தி வரைந்தவள் அவள்தான். கட்டடக்காரிக்குக் கொண்டாட்டம். தபால்காரிக்குத் திண்டாட்டம்.

பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது செல்லோக்காரம்மா வந்தார். குட்டையான உருவம், பெரிய பெட்டி, காதுக்குப் பின்னால் பென்சில். வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் மேடை நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டினார். சத்தம் போன திசையைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் ஒரு குழந்தைச் சிரிப்பு வந்தது.

“யாரும்மா இந்த மாதிரி வரையச் சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?”

“தண்ணித் தொட்டி மேடம்” என்றாள் தபால்.

அது உண்மைதான். மேஸ்திரி கட்டி முடித்த தண்ணீர்த் தொட்டிகளுக்குள், தண்ணீர் விடுவதற்கு முன்னால், ஏணி வைத்து அக்காவையும் தம்பியையும் இறக்கிவிடுவார். இருவரும் கத்துவார்கள். தொட்டி திருப்பிக் கத்தும். ஒரு நாள் சுருள் பழைய மரக்கதவு ஒன்றை உள்ளே சாய்த்து வைத்தான்; சத்தம் மாறிப்போனது. கான்கிரீட் வாங்கினதை உடனே திருப்பிக் கொடுத்தது. மரம் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தது. தபால் அன்றைக்குக் கேட்டதைத்தான் இத்தனை வருஷம் கழித்து வரைந்திருக்கிறாள்.

செல்லோக்காரம்மா வில்லை எடுத்துத் தந்தியில் வைத்தார்.

முதல் சுரம் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. மேடையிலிருந்து வந்த மாதிரி இல்லை. இடது சுவரிலிருந்து வந்து, வலது பக்கப் பலகைகளில் தங்கி, கூரைக்குப் போய், வெளிச்சத்தோடு சேர்ந்து நாற்காலிகளின் மேல் இறங்கியது. தபால் நடுவரிசையில் உட்கார்ந்தாள். தொட்டிக்குள் இருந்தாள். மேலே வட்டமாக வானம், அதில் அப்பாவின் தலை. தம்பி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிக்கிறான். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று மனது கெஞ்சியது.

திரும்பிப் பார்த்தாள். மேஸ்திரி கண்ணை மூடியிருந்தார். சுருள் ஒரு பலகையின் மேல் கன்னத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வில் கீழ்த்தந்திக்கு இறங்கியது. அடி ஆழத்திலிருந்து வருகிற சுரம்.

ர்ர்ர்ர்ர்.

வாசிப்பு நின்றது. ர்ர்ர் நின்றது. மறுபடியும் அதே சுரம். மறுபடியும் ர்ர்ர்.

“உள்ள ஒரு வண்டு இருக்கும்மா” என்றார் செல்லோக்காரம்மா.

தபால் எழுந்து வலது சுவருக்கு ஓடினாள். “மேடம், அந்தச் சத்தத்த அப்படியே புடிச்சு வாசிச்சுக்கிட்டே இருங்க” என்று கேட்டுக்கொண்டு, வலது பக்கச் சுவரில் ஒவ்வொரு பலகையாக உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். மேடையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் லேசாக நடுங்கின, நடுங்கத்தானே மாட்டியது. பன்னிரண்டாவது பலகையில் கை வைத்ததும் விரலெல்லாம் கிடுகிடுவென்று கூசியது. பலகையின் நடுப்பகுதி லேசாக வளைந்து, சட்டத்தைவிட்டு எழும்பியிருந்தது.

செல்லோக்காரம்மா பெட்டியை மூடினார். கோபமில்லை, அதுதான் தபாலுக்குப் பயமாக இருந்தது.

“இந்த மாதிரி இடத்துல நான் என் வாழ்நாள்ல வாசிச்சதில்ல. சத்தியமா சொல்றேன். ஆனா அந்த வண்டோட சேர்ந்து வாசிக்க மாட்டேன். நாலு மணிக்குச் சங்கத்துல கூட்டம். இங்கயா, பழைய மண்டபத்துலயான்னு அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டுடு.”

பழைய மண்டபம்! இரண்டு வருஷ உழைப்பின் முதல் கச்சேரி பழைய மண்டபத்தில்! செல்லோக்காரம்மா போனதும் தபால் மேடை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

சுருள் பன்னிரண்டாவது பலகையின் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தான். “பின்பக்கம் ஈரம் குடிச்சு வீங்கி, அப்புறம் காஞ்சிருக்கு. அதான் வளைஞ்சிருக்கு. செவுத்துல ஈரமிருந்தா சொல்லித் தொலைக்கச் சொல்லுன்னு அன்னிக்கே உன்கிட்ட சொன்னேனே. அவர் ஏன் சொல்லலன்னு கேளு.”

மேஸ்திரி இரண்டாவது வரிசைக்கு வந்திருந்தார். தபால் அவர் பக்கம் திரும்பினாள். “அப்பா, தம்பி சும்மா ஒரு சந்தேகம் கேக்கறான். ஈரம் ஏதாவது இருந்துச்சான்னு.”

மேஸ்திரி அவளையே பார்த்தார். “அவன் கேட்டது இது இல்லையே.”

தபால் மேடை ஓரத்திலிருந்து எழுந்தாள்.

“ரெண்டு மாசம் ஆகாம அந்தச் செவுத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாதுன்னு படுக்கையில கெடந்துக்கிட்டே சொல்லி அனுப்பினேன். அந்த அவசரக்குடுக்கை எத்தன நாள்ல அடிச்சான்னு கேளு” என்றார் மேஸ்திரி.

“டேய், அப்பா வந்து...”

“கேட்டுச்சுக்கா. ரெண்டு மாசமா? யாரு ரெண்டு மாசம்னு சொன்னா?” சுருள் அக்காவின் முன்னால் வந்து நின்றான். “‘கொஞ்சம் காய விட்டு அடிச்சா நல்லா இருக்கும்னு அப்பா நெனைக்கறாரு’ன்னுதானே நீ சொன்ன? பத்து நாள் விட்டேன். கொஞ்சம்னா பத்து நாள் போதாதா?”

அரங்கம் அவன் கேள்வியைக் கூரை வரை எடுத்துப் போய்த் திருப்பிக்கொண்டு வந்தது.

பாருங்கள், மூன்று வருஷமாக அப்பா ஓர் அறையில் பேசுவார், தம்பி வேறோர் இடத்தில் கேட்பான். நடுவில் முள்ளை எடுப்பது இவள் வேலை. ‘அவசரக்குடுக்கை’ வழியிலேயே உதிர்ந்துவிடும். ‘சொல்லித் தொலை’ என்பது ‘சொல்லுங்க’ என்றாகிவிடும். அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். முள்ளை எடுக்கிற வேகத்தில் ‘ரெண்டு மாசம்’ என்பதையும் எடுத்துவிட்டாள். உத்தரவு போடுகிற மாதிரி இருந்தால் தம்பிக்குக் கோபம் வருமே என்று, ‘கொஞ்சம்’ ஆக்கிவிட்டாள். இதுவரை மாட்டவில்லை. அவளே கட்டிய அரங்கம் அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

“நான்தான்” என்றாள். “மாத்திச் சொன்னது நான்தான். ரெண்டு பேரும் இன்னும் சண்ட போட்டுக்கக் கூடாதுன்னுதான்... என்மேலதான் தப்பு.”

“இந்த ஒண்ணுதானா?” என்றான் சுருள். “இல்ல எல்லாமேவா?”

எல்லாமே என்பது போல அவள் தலையசைத்தாள்.

“அச்சு பிரிச்ச அன்னிக்கு ‘அப்பாவுக்கு உன் வேல ரொம்பப் பிடிச்சிருக்குடா’ன்னு சொன்னியே. அதுவும் உன் கைவேலையா?”

பொய் சொல்லலாம்தான். ஆனால் அப்பா அங்கேயே நிற்கிறார்.

“‘நிக்குது’ன்னு சொன்னாருடா.”

“நிக்குது?”

“அவ்வளவுதான் சொன்னாரு.”

சுருளின் முகம் சட்டென்று சின்னதாகிப் போனது. அதை மட்டும் அவன் நம்பிப் பத்திரமாக வைத்திருந்தான் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மேஸ்திரி தடியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குப் பூசி மெழுகத்தான் தெரியும்” என்றார் கடைசியில்.

அப்பா இதுவரை அவளை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. தபாலுக்கு அந்த இடத்திலேயே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஒரு மணிக்கு வீட்டிலிருந்து அம்மா போன் செய்தார். அம்மா தினமும் இரண்டு டப்பாவில் சாப்பாடு அனுப்புவார்: சிவப்பு மூடி அப்பாவுக்கு, நீல மூடி சுருளுக்கு. “ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளி உக்கார வச்சியா?” என்று கேட்டார்.

“ஒரே வரிசையிலதான்மா உக்காந்திருக்காங்க.”

“என்னடி சொல்ற! பேசிக்கிட்டாங்களா?”

“இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து என்கூடப் பேச மாட்டேங்கறாங்க.”

“சரி, அதுவாவது சேர்ந்து செய்யறாங்களே” என்று அம்மா போனை வைத்துவிட்டார்.

நடுவில் ஆறு நாற்காலி விட்டு இருவரும் சாப்பிட்டார்கள். தபால் கடைசி வரிசையில் ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கூரை வெளிச்சம் இடது சுவரைவிட்டு இறங்கி, நாற்காலிகளைத் தாண்டி, பலகைகளின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. இந்த வெளிச்சத்தின் நடையைக்கூட அவள்தான் வரைந்தாள். அதைப் பார்க்க இப்போது ஆசையே இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது: இந்த இரண்டு பேரும் தன்னை மன்னிக்க வேண்டும். அரங்கம்கூட அதற்கப்புறம்தான்.

சாப்பாடு முடிந்ததும் சுருள் ஏணியைக் கொண்டுவந்து பன்னிரண்டாவது பலகைக்குக் கீழே வைத்தான். யாரையும் பார்க்காமல், “இது மட்டுமில்ல. நாப்பதையும் கழட்டிப் பின்பக்கம் பார்க்கணும். வளைஞ்சத இழைச்சு மறுபடி மாட்டணும்” என்றான்.

“வேண்டாம்” என்றார் மேஸ்திரி. அவரும் யாரையும் பார்க்கவில்லை. “முன்பக்கமாவே நாலு திருகாணி போட்டு இறுக்கினாப் போதும்.”

போதும்! தபால் நிமிர்ந்தாள். மயிரிழை விரிசலுக்கு முழுச் சுவரையும் இடிக்கச் சொல்கிற மனுஷன் வாயிலிருந்து ‘போதும்’ என்ற வார்த்தையா? அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

“போதாது” என்றான் சுருள் பலகையிடம். “வளைஞ்ச பலகைய முன்பக்கமா இறுக்கினா நாலு நாள்ல வெடிக்கும்.”

“அந்தப் பன்னெண்டாவத மட்டுமாவது விட்டுடட்டும். மத்தத என்னமோ பண்ணிக்கட்டும்.”

“வண்டு இருக்கறதே பன்னெண்டாவதுலதான்!”

“காத்து வாங்கிட்டு வரேன்” என்று மேஸ்திரி தடியை ஊன்றி எழுந்தார். ஆனால் வெளியே போகவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால், வாசற்கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். காது சிவந்திருந்தது. இவருக்கு என்ன ஆச்சு என்று தபால் குழம்பினாள்.

சுருள் எட்டுத் திருகாணிகளைக் கழற்றினான். ஆளுயரத்தைவிட நீளமான பலகை. தபால் ஓடிப் போய் அடியைப் பிடித்துக்கொண்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து இறக்கித் தரையில் வைத்தார்கள். பின்னால் கறுப்புத் துணி. அதன் ஓரத்து ஊசிகளை நெம்பிக் கழற்றிவிட்டு, ஈரம் பார்ப்பதற்காகத் துணியைத் தூக்கினான்.

தூக்கியவன் அப்படியே நின்றான்.

“என்னடா? ஈரமா?”

அவள் ஏணியில் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தாள்.

கான்கிரீட்டில், பலகை ரேகைகளுக்கு நடுவில், ஆணியால் கீறிய எழுத்துகள். அச்சைப் பிரித்த அன்றைக்கு, சுவர் இன்னும் பச்சையாக இருந்தபோது கீறியது. கோணல் மாணலான எழுத்து. எத்தனையோ தொட்டிகளின் மூலையில் தேதி போட்ட அதே கை.

‘அச்சு சுத்தம். ஒரு சொட்டு கசியல. என் பையன் வேல.’

தபால் அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று விரல் விடு என்று வரைந்தவள் அவள். அந்த மூன்று விரல் இருட்டுக்குள், இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில், ‘நிக்குது’ என்று மட்டும் சொன்ன மனுஷன் இதை எழுதி வைத்திருக்கிறார்! அவள் சொன்ன பொய்களிலேயே ஒன்று மட்டும் நிஜமாக இருந்திருக்கிறது.

சுருள் எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினான். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும். பிறகு கையைச் சுவரிலேயே வைத்துக்கொண்டு, திரும்பாமல், குரலை உயர்த்தாமல் சொன்னான்.

“அப்பா.”

அந்த ஒரு சொல் சுவரில் பட்டு, பலகைகளில் தங்கி, இருபத்தைந்து வரிசையையும் மெதுவாகத் தாண்டி, வாசலுக்குப் போனது. மேஸ்திரியின் முதுகு அசைந்தது.

“செவுரு இப்ப காஞ்சிடுச்சாப்பா?”

மூன்று வருஷப் பழக்கம் லேசில் போகுமா? தபாலின் வாய் தானாகத் திறந்தது. “அப்பா, தம்பி கேக்கறான், செவுரு...”

“நீ செத்த சும்மா இரு பாப்பா” என்றார் மேஸ்திரி. “அவன் என்கிட்டதான் கேக்கறான்.”

தபால் வாயை மூடிக்கொண்டாள். ஏணிப் படியிலேயே உட்கார்ந்து, கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, விசும்பலா சிரிப்பா என்று தெரியாமல் குலுங்கினாள். அந்தச் சத்தத்தையும் அரங்கம் விடாமல் எல்லாப் பக்கமும் கொண்டுபோனது.

மேஸ்திரி தடியைத் தட்டித் தட்டி இறங்கி வந்தார். சுவரில் புறங்கையை வைத்தார், நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. எழுத்துப் பக்கம் பார்வையே போகாமல் பார்த்துக்கொண்டார்.

“காஞ்சிடுச்சு. மூணு மாசம் ஆச்சே. இனிமே தாராளமா மாட்டலாம்.”

“நாப்பதையும் கழட்டி மாட்ட எட்டு நாள் ஆகும்.”

“எட்டு எதுக்கு? என் ஆளுங்க பத்து பேர அனுப்பறேன். கழட்டறத அவனுங்க பார்த்துக்கட்டும். நீ இழைக்கறத மட்டும் பாரு. ஆறு நாள்.”

“உங்க ஆளுங்க கடப்பாரையத் தூக்கிட்டு வருவானுங்க. என் பலகை என்னத்துக்கு ஆகறது!”

“அப்படி என்னடா ஊர்ல இல்லாத பலகை!”

“ஊர்ல இல்லாத பலகைன்னுதான் நீங்களே எழுதி வச்சிருக்கீங்க!”

தபால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரம் பார்த்தாள். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். போனை எடுத்து, “மேடம், இங்கயே வாசிங்க” என்றாள். இதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பின்னால் கேட்கிற சண்டை என்னம்மா என்று செல்லோக்காரம்மா கேட்டார். “எங்க வீட்டுச் சண்டைதான் மேடம்” என்றாள். இத்தனை சந்தோஷமாக அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“மூடிடு அத” என்று மேஸ்திரி துணியைக் காட்டினார்.

“மூட மாட்டேன்” என்ற சுருள், ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தான். பதின்மூன்றாவது. முதல் திருகாணியில் கருவியை வைத்தான்.

“அதுல வண்டு இல்லையே. அத எதுக்கு இன்னிக்கே கழட்டற?” என்றார் மேஸ்திரி, ரொம்ப அவசரமாக.

சுருள் கையை நிறுத்தினான். மாலை வெளிச்சம் பலகைகளின் மேல் முழுதாக ஏறியிருந்தது. அவன் அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தான். நாற்பது பலகைகள். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

“அப்பா, இன்னும் எத்தன பலகைக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்கீங்க?”

மேஸ்திரி தடியை எடுத்துக்கொண்டு, இடது சுவரில் ஏதோ விரிசல் இருப்பது போல அதன் கிட்டே போய், வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.